கோட்டைக்கு வடக்கே: நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிச் சில எண்ணங்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக்கெனத் தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளி விழாவில் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம்மைக் கேட்டபோது சற்றுத் திகைத்தோம். பீரங்கிக்கும் பாடப் புத்தகத்திற்கும் என்ன உறவு? பாதுகாப்பு என்பது தில்லியில் இருப்போரும் தளபதிகளும் பேசும் பொருள். இராயபுரத்தில் மூட்டை சுமப்பவரும், திருவொற்றியூரில் ஆலைக்குப் போகிறவரும், எண்ணூரில் முகத்துவாரத்தை நம்பி வாழ்பவரும் அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணுவது வழக்கம். ஆயின் சிந்திக்கச் சிந்திக்க ஒன்று விளங்கிற்று. இந்தியாவில் எந்த ஊராரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம். நாம் இருக்க முடியாது. ஏனெனில் நாம் ஒரு கோட்டையின் நிழலிலே குடியிருக்க நேர்ந்தவர்கள்.

அந்தக் கோட்டையிலிருந்தே தொடங்குவோம். 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தனர். 1758-59இல் லாலி மீண்டும் முற்றுகையிட்டார். கோட்டையின் வடபுறத்தில் ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்து வீடுகளில் எதிரி மறைந்துகொண்டு சுடுகிறான் என்பது ஆங்கிலேயர் கண்ட பாடம். ஆகவே அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. கோட்டைச் சுவரிலிருந்து குண்டு தடையின்றிப் பாய ஒரு வெளி வேண்டும். அந்த வெளிக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. ஆறில் எஞ்சிய ஒரு தூண் இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கையில் நம்மில் பலர் அதன் அருகே நின்றிருப்போம். அது எதன் எல்லை என்று கேட்டிருக்க மாட்டோம். இடிக்கப்பட்ட ஊர் வடக்கே பெயர்ந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன் அப்படி வந்ததே. கோட்டையின் பாதுகாப்பிற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை கோட்டைக்குள் இருந்தவர்களின் வீடுகள் அல்ல.

பின்னர் ஹைதர் அலியின் குதிரைப் படை 1769இல் பரங்கிமலை வரை வந்து போனபின், பெயர்ந்த ஊருக்கும் ஒரு மதில் எழுப்பினார்கள். அதன் ஒரு துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்கா என்ற பெயரில் உயிரோடிருக்கிறது. மதில் கட்டிய செலவை ஊராரிடமே வரியாக வாங்க எண்ணி, வாங்க முடியாமற் போன கதையைத்தான் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வசூலாகாத ஒரு வரி ஒரு சாலைக்குப் பெயராக நிலைத்தது வேடிக்கைதான்!

1780இல் ஹைதர் மறுபடியும் வந்தார். ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, கிராமத்து மக்கள் பட்டினியோடு சென்னையை நோக்கி வந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கும்பெனியார் தம் படைக்கு அகழி வெட்டவும் பாதை அமைக்கவும் இரு பயனியர் அணிகளைத் திரட்டினர். பின்னாளில் மதராஸ் சாப்பர்கள் என்று புகழ்பெற்ற படைப்பிரிவின் தொடக்கம் அதுவே. அதில் நம் முன்னோர் பெருந்தொகையாக இருந்தனர். அந்தப் போர் மூட்டிய பஞ்சத்தில், 1782இல், வடக்கு மதிலை அடுத்த இடத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. நம் பாட்டிமார் அதை ஸ்டான்லி என்று சொன்னதில்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள்.

ஆக, ஒரே போரில், ஒரே காலத்தில், ஒரே மக்களில் ஒரு சாரார் மண்வெட்டியோடு படையில் நின்றனர். மறு சாரார் கஞ்சிக் கலயத்தோடு தொட்டியண்டை நின்றனர். கோட்டை வீழவில்லை. வரலாற்று நூல்கள் சென்னை காக்கப்பட்டது என்றே எழுதும். சென்னை என்பது எது என்பதைப் பொறுத்து அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

நூறாண்டு கழித்து, 1876-78இல், தாது வருடப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். அந்தக் கூலியில் நடந்த வேலைகளில் ஒன்று, நம் ஊர்களின் ஓரமாக ஓடும் பக்கிங்காம் கால்வாயை நகரின் ஊடே இணைத்த வேலை. எலும்பும் தோலுமாக வந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது. பஞ்சம் ஓய்ந்ததும், இனியொரு பஞ்சம் வந்தால் உதவ வேண்டும் என்று சொல்லி அரசினர் புதுவரி விதித்துப் பஞ்சக் காப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தினர். அந்தப் பணம் ஆப்கானியப் போருக்குத் திருப்பப்பட்டது என்று அக்காலத்திலேயே கடுங் கண்டனம் எழுந்தது. வடமேற்கு எல்லையில் ரஷ்யர் வருவார் என்ற அச்சம் ஆட்சியாளரைத் தூங்கவிடவில்லை. தெற்கே பட்டினியால் மடிந்தவர்களோ இலட்சக்கணக்கானோர். அவர்களை எந்த ரஷ்யனும் கொல்லவில்லை.

பழங்கதை இருக்கட்டும் என்பீர்கள். இருபதாம் நூற்றாண்டில் நம் துறைமுகத்தின்மீது மெய்யாகவே குண்டு விழுந்த நாளுக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று சில நிமிடங்கள் சுட்டுவிட்டு மறைந்தது. உயிர்ச்சேதம் சிறிதே. நகரம் நடுங்கியதற்குக் காரணம் வானளாவ எரிந்த தீ. எம்டனின் தலைவன் குறிவைத்தது கோட்டையையன்று. கரையோரம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளை. பகைவன் ஒரு சிறு குண்டைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது, எரியக்கூடியதை நாமே சேர்த்து வைத்திருந்தோம். தந்திரக்காரனை ‘எம்டன்’ என்று அழைப்பதற்குத் தமிழ் கற்றுக்கொண்டது. தொட்டிகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதை நகரம் கற்றுக்கொண்டதா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் உலகப் போரிலும் இதே அச்சம் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்று அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. போக இடமும் வண்டிச் சத்தமும் உள்ளவர்கள் போனார்கள், இல்லாதவர்கள் இருந்தார்கள். விலங்குக் காட்சிச் சாலையில் இருந்த கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுவிட்டனர், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று. ஜப்பானியர் படையெடுத்து வரவில்லை. ஆனால் அதே போர்க் காலத்தில், 1943இல், வங்காளத்தில் சுமார் முப்பது இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். எதிரியின் கையில் சிக்கலாகாது என்று அங்கே படகுகளும் அரிசியும் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. அவ்வளவு பேரைக் கொல்ல எத்தனை எம்டன்கள் வந்திருக்க வேண்டும்?

இங்கே ஒரு தடையை எதிர்பார்க்கிறோம். ‘நீங்கள் படையே வேண்டாம் என்கிறீர்களா?’ இல்லை. படையைப் பழிப்பது நம் நோக்கமன்று. நம்மவர் பழிக்கவும் கூடாது. இந்நாட்டில் தாழ்த்தப்பட்டோருக்குக் கிராமம் கொடுக்காத எழுத்தை முதலில் கொடுத்த இடங்களில் ஒன்று படை முகாம். பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் 1891இல் மௌ என்னும் படை முகாமில்தான் பிறந்தார். அவருடைய தந்தையார் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியர். சிப்பாய்களின் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்றிருந்த அந்த ஏற்பாடு இல்லையேல் நமக்கு அம்பேத்கர் கிடைத்திருப்பாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு, போர்க் குலம் என்றும் போர்க் குலமல்லாதது என்றும் வெள்ளையர் ஒரு பாகுபாடு செய்து, மகர்களை 1892இல் படையிலிருந்து ஒதுக்கினர். தென்னாட்டிலும் நம்மவருக்கு வாயில்கள் குறுகின. அந்தக் கதவு மறுபடி திறக்க அம்பேத்கர் அவர்களே இரண்டாம் உலகப் போரின்போது பாடுபட்டார்.

இன்றும் விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் நம் பிள்ளைகள் படைத் தேர்வுக்காக ஓடிப் பழகுவதைக் காண்கிறோம். அவர்களை ஓடாதே என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் வந்த அக்கினிபத் திட்டப்படி சேரும் வீரர்களின் பணிக்காலம் நான்கு ஆண்டு. நால்வரில் ஒருவருக்கே அதன்பின் நிலைத்த பணி. மற்ற மூவர் ஒரு தொகையோடு, ஓய்வூதியமின்றி, இளம் வயதிலேயே வீடு திரும்புவர். பாட்டன் காலத்தில் படை என்பது கல்வியும் காலணியும் ஓய்வூதியமும். பேரனுக்கு அது நான்காண்டு வேலை. ஆகவே, ஓடுகிற பிள்ளை மாலையில் நம் வகுப்புக்கும் வர வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்த வேண்டும்.

படைச் செலவைப் பற்றி அம்பேத்கர் அவர்கள் என்ன எண்ணினார் என்பது நம்மவர் பலர் அறியாதது. 1951இல் அவர் நேரு அமைச்சரவையிலிருந்து விலகினார். விலகியதற்கு விளக்கம் கூறிய அறிக்கையில் ஒரு கணக்குச் சொன்னார்: நாட்டின் ஆண்டு வருவாய் சுமார் 350 கோடி ரூபாய், அதில் 180 கோடி இராணுவத்திற்கே போகிறது. உலகில் வேறெங்கும் காண அரிதான இந்தச் செலவு நம் அயல்நாட்டுக் கொள்கையின் விளைவு என்றும், நண்பரைத் தேடிக்கொள்ளாத நாடு துப்பாக்கியைத் தேட வேண்டியதாகிறது என்ற கருத்துப்படவும் அவர் வாதிட்டார். அவர் அகிம்சாவாதி அல்லர். படை வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எனினும் பாதி வருவாயைப் படைக்குக் கொடுத்துவிட்டு நாடு எதைக் கொண்டு வாழும் என்று கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. அதே அறிக்கையில் அவர் இன்னொன்றும் கேட்டார்: விடுதலைக்குப் பிறகு தாழ்த்தப்பட்டோர் நிலை மாறியிருக்கிறதா? பழைய கொடுமையும் பழைய ஒடுக்குமுறையும் அப்படியே இருக்கின்றன என்பது அவர் கண்டது. இந்த இரண்டு முறையீடுகளும் ஒரே தாளில் இருப்பது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

அதற்கும் முன்னே, 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் சமத்துவமின்மையுமாக நாம் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், இதை விரைவில் களையாவிட்டால் அரும்பாடுபட்டுக் கட்டிய ஜனநாயக மாளிகையைப் பாதிக்கப்பட்டோர் தகர்த்துவிடுவர் என்று அவர் எச்சரித்தார். ஒரு நாட்டை அழிக்கக்கூடிய பகை எங்கே இருக்கிறது என்பதற்கு அவர் எல்லைக்கு வெளியே கை நீட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1962இல் சீனப் போர் வந்தது. 1965இல் பாகிஸ்தான் போர் வந்தது. படைச் செலவு பெருகிற்று, பெருக வேண்டிய நிலையும் இருந்தது. நம் திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்பீல்டு ஆலையின் மோட்டார் சைக்கிள்கள் எல்லைக் காவலுக்குப் போயின. எண்ணூரில் செய்த லாரிகள் படைக்குப் போயின. ஆவடியில் டாங்கி பிறந்தது. நாட்டின் காவலுக்கு வடசென்னையின் கை உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்தப் போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எந்த எல்லையும் கடக்கப்படவில்லை. எந்த அயல் நாடும் சம்பந்தப்படவில்லை. அன்று நாடு பாதுகாப்பாக இருந்தது என்றுதான் பதிவேடுகள் சொல்லும்.

இந்தக் கேள்வியை உலக மன்றத்தில் தெளிவாக எழுப்பியவர் ஒரு பாகிஸ்தானியர் என்பது நினைக்கத்தக்கது. மஹ்பூப் உல் ஹக் என்னும் பொருளியலறிஞர், அந்நாட்டின் நிதியமைச்சராகவும் இருந்தவர், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு அறிக்கையில் ‘மனிதப் பாதுகாப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். நம் நாட்டு அமர்த்தியா சென் அவருடைய கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். உணவு, உடல்நலம், வருவாய், சுற்றுச்சூழல், தனி மனித உயிர், சமூகம், அரசியல் உரிமை என்று ஏழு வகையில் மனிதன் அச்சமின்றி இருத்தலே பாதுகாப்பு என்பது அதன் சாரம். இரு நாட்டு அரசுகளும் ஏவுகணை ஏவிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இரு நாட்டு அறிஞர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தனர்.

இன்றைய கணக்கையும் பார்த்துவிடுவோம். ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2024இல் உலக நாடுகள் படைக்குச் செலவிட்டது சுமார் 2.7 இலட்சம் கோடி டாலர். நம் மத்திய அரசின் 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 இலட்சம் கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்திற்கு ஒரு இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. நேர்மையாகச் சொன்னால் இந்த ஒப்பீடு முழுமையன்று. மருத்துவத்தில் பெரும் பங்கை மாநிலங்கள் ஏற்கின்றன; பாதுகாப்புத் தொகையில் ஒன்றரை இலட்சம் கோடிக்கு மேல் முன்னாள் வீரர்களின் ஓய்வூதியம்; அதில் நம்மவர் வீட்டு அடுப்பும் எரிகிறது. ஆகவே ஒன்றைக் குறைத்து மற்றொன்றில் போடு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எது எழுதப்படுகிறது, எது எழுதப்படுவதே இல்லை என்பதைத்தான் காட்டுகிறோம்.

எழுதப்படாதவற்றுள் முதலாவது, நிலம். நாட்டின் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடோம் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். நன்று. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870-களில் தொடங்கியது. கடற்கரையோரம் தெற்கிலிருந்து வடக்காக ஆண்டுதோறும் மணல் நகர்ந்து வருவது இயற்கை. துறைமுகத்தின் கற்கரம் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து, உலகம் புகழும் மெரினாவை அகலமாக்கிற்று. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வந்து வீடுகளையும் தெருக்களையும் கோயில்களையும் கொண்டு போயிற்று. கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள், ஓரிடத்தில் நின்ற அரிப்பு அடுத்த குப்பத்தில் தொடங்கிற்று. மெரினாவில் காற்று வாங்குகிறவர் நிற்பது ஒரு வகையில் நம் மண். நாடு இழந்த இந்த நிலத்திற்காக எந்தத் தூதரும் அழைக்கப்பட்டுக் கண்டிக்கப்படவில்லை.

இரண்டாவது, நம் நடுவே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் எம்டன் தொட்டிகள். 1960-களின் பின்பகுதி தொட்டு மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உர, இரசாயன ஆலைகளும், எண்ணூரில் அனல் மின் நிலையமும், 2001இல் புதிய துறைமுகமும் வந்தன. வேலை வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் என்ன வந்து எங்கே நிற்கிறது என்பது நமக்குச் சொல்லப்பட்டதா? 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில், ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஓரிரு நாள்களில் ஒரு செய்தி வெளியாயிற்று. 2015இல் சுங்கத் துறையினர் கைப்பற்றிய அதே வேதிப் பொருள் சுமார் 700 டன், 37 சரக்குப் பெட்டகங்களில், மணலியை அடுத்த ஒரு கிடங்கில் கிடக்கிறது! ஐந்தாண்டு தூங்கிய கோப்பு சில நாள்களில் விழித்துக்கொண்டு, பெட்டகங்கள் லாரிகளில் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டன. 2015 பெருவெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் அந்தப் பெட்டகங்களின் பக்கத்திலேயே படுத்துறங்கிக் கழித்திருக்கிறோம். பெய்ரூட்டில் செத்தவர்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இராணுவத்திற்கு இரகசியமே பாதுகாப்பு. எத்தனை பீரங்கி, எங்கே இருக்கிறது என்பதைப் பகைவன் அறியலாகாது. நம் போன்ற ஊருக்கோ இரகசியமே ஆபத்து. எந்தத் தொட்டியில் எது, எவ்வளவு, கசிந்தால் காற்று எப்பக்கம் கொண்டுபோகும் என்பது தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு ஆயிரக்கணக்கானோர் மாண்டதற்கு வாயு மட்டுமா காரணம்? அது என்ன வாயு, எந்தப் பக்கம் ஓடுவது, முகத்தில் எதைக் கட்டுவது என்று சொல்ல ஒருவருமில்லாததும் காரணம். அதன்பின் சட்டங்கள் வந்தன. 1989ஆம் ஆண்டு விதிகள், ஆபத்தான பொருளை வைத்திருக்கும் ஆலை சுற்றியுள்ளோருக்கு விவரம் சொல்ல வேண்டும் என்றும், ஆலைக்கு வெளியேயும் அவசரத் திட்டம் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. 1996ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட அளவிலும் வட்டார அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் வேண்டும் என்கின்றன. இந்த அவையில் இருப்போரில் அத்தகைய குழுவின் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டவர் எத்தனை பேர்? கை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

2017 சனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதின. கருத்த எண்ணெய் கரை முழுதும் படிந்தது. விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாட்டில், நம் மீனவரும் மாணவரும் கடலோரக் காவல் படையினரும் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றியதை உலகமே பார்த்தது. வெறுங்கையோடு இறங்கிய அந்த வீரர்கள்மீது நமக்கு மதிப்பே தவிர வேறில்லை. கருவிக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர்கள் அதைப் பாதுகாப்பு என்று நினைக்கவில்லை, அவ்வளவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே, ஆம், அந்தப் பஞ்சக் கூலிகள் உழைத்த கால்வாய் வழியேதான், எண்ணூர் முகத்துவாரத்தில் புகுந்து வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கிற்று. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் நினைவு நாள் கழிந்த சில நாழிகைகளில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சுற்றிலும் மக்கள் மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஓடியவர்கள் காற்றின் போக்கிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். குறுக்காக ஓட வேண்டும். அம்மோனியா நீரில் எளிதில் கரையும்; ஈரத் துணியை மூக்கில் கட்டினால் ஓரளவு தாங்கலாம். இவ்வளவுதான் பாடம். ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லி முடிக்கலாம்.

மூன்றாவதைச் சொல்ல நா எழவில்லை. ஆயினும் சொல்லாமல் விட முடியாது. கழிவுநீர்க் குழியில் இறங்கி மூச்சடைத்து மாளும் நம் சகோதரர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை அவ்வாறு இறக்குவதைத் தடை செய்கிறது. நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்ட கணக்குகளில் 1993 முதல் இவ்வகைச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து இலட்சம் என்றும், 2023இல் முப்பது இலட்சம் என்றும் இழப்பீட்டை வகுத்தது. நகரத்தின் உடல்நலத்தைக் காக்கும் பணியில் உயிர் விட்டவருக்கு மூவண்ணக் கொடி போர்த்தச் சொல்லவில்லை. குழிக்குள் இறங்கும் இயந்திரத்திற்கு ஒரு டாங்கியின் விலையில் எத்தனையில் ஒரு பங்கு ஆகும் என்று மட்டும் கேட்கிறோம்.

இனிக் கல்விக்கு வருவோம். இந்த மேடைக்கு உரியது அது. போயர் யுத்தத்தின்போது, 1899க்குப் பின், இங்கிலாந்தில் படையில் சேர வந்த ஏழைத் தொழிலாளர் வீட்டு இளைஞர்களில் பெருந்தொகையினர் உடல் வலிமையின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். பேரரசு திடுக்கிட்டது. 1904இல் ஒரு குழு ஆராய்ந்தது. 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுப் பள்ளி உணவுச் சட்டம், தேசப் பாதுகாப்பின் பொருட்டே பிள்ளைகளின் நலம் காக்கப்படுகிறது என்று தன் முகப்பிலேயே கூறுகிறது. பீரங்கியை நம்பிய நாடுகளே பட்டினிப் பிள்ளையின் தட்டைப் பாதுகாப்புச் செலவாக எழுதின. நம் சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்தது, காமராசர் 1956இல் மாநிலமெங்கும் விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. இவற்றை நாம் இலவசம் என்று குறைத்துப் பேசுவோரிடம் அந்த இரு நாட்டுச் சட்டங்களையும் எடுத்துக் காட்டலாம்.

2020 மே, சூன் திங்களில் சென்னை மாநகராட்சி மண்டலங்களில் இராயபுரமே கொரோனா தொற்றில் முன் நின்றது நினைவிருக்கும். நெருக்கமான வீடு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். ‘விலகி இருங்கள்’ என்ற ஆணையைப் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் எப்படி நிறைவேற்றுவது? அப்போது நம்மைக் காத்தவர்கள் கஞ்சித் தொட்டியின் வாரிசான அந்த மருத்துவமனையின் செவிலியரும், தெருத்தெருவாகக் காய்ச்சல் கணக்கெடுத்த தற்காலிகப் பணியாளரும், தூய்மைப் பணியாளருமே. அவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள்.

ஆகவே இச்சங்கத்தாரிடம் வேண்டுகோள் ஒன்றை வைக்கிறோம். பெரிய செலவு இல்லாதது. நம் மாலை வகுப்பு மாணவரைக் கொண்டு, இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு படம் வரையச் செய்வோம். எத்தொட்டி எங்கே, எக்குழாய் எத்தெருவின் அடியில், எந்தப் பள்ளி எதற்கு அருகில், மேட்டு நிலம் எது, எந்தத் திங்களில் காற்று எத்திசை என்று குறிக்கட்டும். தெரியாதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதட்டும். மனு எழுதக் கற்பதும் கல்வியே. வட்டார நெருக்கடிக் குழுவில் நம் பகுதிக்கும் இடம் கேட்டுச் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் போகட்டும். மறுமொழி வராவிட்டால் இன்னொன்று போகட்டும். படம் முடிந்ததும் அதன் ஒரு படி ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும், ஒரு படி ஸ்டான்லியின் அவசரப் பிரிவிலும், ஒரு படி இச்சங்கத்தின் சுவரில் பாபாசாகேப் படத்திற்குப் பக்கத்திலும் தொங்க வேண்டும் என்பது நம் ஆசை. வரைபடத் தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவை ஏற்க இந்த அவையிலேயே இருவர் முன்வந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லலாகாது என்பது அவர்கள் கட்டளை.

நேரம் கடந்துவிட்டது, கலை நிகழ்ச்சிக்குக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.